காரணம் என்ற கட்டம்

கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த
நெற்றியைச் சுடும் வெப்பமானி.
அதை எடுத்துப்போய் இன்றைக்கு
தார் ரோட்டுக்குக் காய்ச்சல் பார்த்தேன்.
யாரும் சொல்லவில்லை.
மணி இரண்டு, சாப்பாட்டு நேரம் என்னுடையது.

நாற்பத்து மூன்றைத் தாண்டினால்
அதற்கு எண் தெரியாது.
இரண்டு ஆங்கில எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும்.
சர்பத் கடைப் பையன் அல்லாபிச்சை எட்டிப் பார்த்து,
"ஹாய்னு சொல்லுதுக்கா ரோடு" என்றான்.
நானும் மரியாதைக்குத் தலையாட்டிவைத்தேன்.

இந்த வாரம் பதினொரு பேர்.
முத்துராக்கு, அறுபத்திரண்டு, நுங்கு விற்பவர்.
குளிர்ச்சி குளிர்ச்சி என்று கூவியபடியே சுருண்டு விழுந்தார்.
பெரியநாயகி, சித்தாள்,
வாந்தி, கெண்டைக்கால் இழுப்பு, அரைநாள் கூலி போச்சு.
பேர் தெரியாத ஒருவர்,
சட்டைப்பையில் மதுரைக்கு டிக்கெட்.
போகவில்லை.

பதிவேட்டில் வயதுக்கு ஒரு கட்டம்,
விலாசத்துக்கு ஒரு கட்டம்,
காரணத்துக்குச் சுண்டுவிரல் அகலத்தில் ஒன்று.
'வெயில்' என்று எழுதினால் நிறைந்துவிடும்.
போன மாதம் ஒரு தடவை
'நிழல் இல்லை' என்று எழுதிவிட்டேன்.
டாக்டர் கோபிக்கவில்லை, நல்ல மனிதர்.
சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து,
"இல்லாதது எப்படி நோய்க்குக் காரணமாகும் சிஸ்டர்?" என்றார்.
இரும்புச்சத்து இல்லாதது, அயோடின் இல்லாதது,
நல்ல தண்ணீர் இல்லாதது
என்று ஒரு பட்டியல் வாய்வரை வந்தது.
வரிசையில் ஆள் நின்றதால் விழுங்கிவிட்டேன்.

விலாசங்களைச் சேர்த்துப் பார்த்ததில்
பதினொன்றுக்கு எட்டு ஒரே இடம்.
காரைக்குடிக்குள் ரோடு நுழைகிற அந்த ஒரு பர்லாங்,
அகலப்படுத்தப் புளியமரங்களை எடுத்த பக்கம்.
எடுக்கும் முன் பட்டையைச் செதுக்கி
வெள்ளையடித்து எண் போட்டார்கள்.
கடைசி மரம் நாற்பத்தேழு.
முத்துராக்குவின் சீட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு.
இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால்
பேப்பர்காரர்களுக்கு வசதியாகப் போயிருக்கும்.
'ஒன்றுக்குப் பத்து நடுவோம்' என்கிறது அங்கே ஒரு பலகை.
அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது.
பலகை அதற்காவது ஆயிற்று.

பின்னால் ஒரு பூட்டிய பெரிய வீடு,
முகப்பு ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில்.
சாவிக்காரர் சாத்தையா பாவம் பார்த்துத் திறந்துவிட்டார்.
வளவுத் தரையைச் சுட்டேன்.
முப்பத்து மூன்று!
மறுபடி சுட்டேன், அதேதான்.
"இங்க பத்துக் கட்டில் போட்டா என்னண்ணே?"
"இருபத்தேழு பங்காளிக. பாதிப் பேரு சிங்கப்பூர்ல இருக்காக.
யாரைன்னு கேக்க?"
உள்ளே உட்காரக் கூடாதென்று அவருக்கும் உத்தரவாம்.
இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒரு தகர நாற்காலி.
அதையும் சுட்டுப் பார்த்தேன்.
ஹாய்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில்
ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக.
டவுன் பஸ்ஸுக்கு என்றைக்கு வரிசையில் நின்றோம் நாம்?
கிட்டே போனதும் தெரிந்தது,
மின்கம்பத்தின் நிழல்.
அது நகர நகர
ஆறு பேரும் பேசிவைத்ததுபோல்
பாதம் பாதமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள்.
கடைசியில் நின்றவளுக்கு ஏழு மாதம் இருக்கும்.
"வாங்க சிஸ்டர், இன்னும் ஒரு ஆளுக்கு இருக்கு."
கம்பமோ ஒல்லி.
பக்கவாட்டில் ஒடுங்கி நின்று
காலடி மண்ணைச் சுட்டேன்.
நாற்பத்தொன்று புள்ளி எட்டு.
இந்த ரோடு இன்றைக்கு
முதல் தடவையாக ஓர் எண் சொல்கிறது.

பேனாவைத் தேடுவதற்குள் பஸ் வந்தது.
எங்களுடையது இல்லை.
இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றோம்.